கெட்ட செய்தி கடல் தாண்டாது

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் தொண்ணூறுகளில் கூத்தாநல்லூர், மன்னார்குடிப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இங்கே மழையில் சம்பா மூழ்கிக் கிடக்கும். கடிதத்தில் பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும். மாமியாரும் மருமகளும் தனித்தனி அடுப்பு வைத்திருப்பார்கள். கடிதத்தில் இருவரும் சேர்ந்து கோயிலுக்குப் போய் வந்திருப்பார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் அம்மாவுக்குப் பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு விமானம் ஏறி வந்தார். அழைத்து வரப் போன தம்பி, கார் பாதி வழி வந்த பிறகுதான் அம்மா செத்து நான்கு மாதம் ஆகிறது என்று சொன்னான். ஊரே அந்தத் தம்பியைப் பாராட்டியது. "பக்குவமா நடந்துக்கிட்டான்" என்றார்கள். அந்தப் பக்குவத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கும் அந்தப் பக்குவம் இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவின் கணவர் மஸ்கட்டுக்குப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கக் காத்திருந்தேன். "ஆம்பளை இல்லாத வீடு, அவளுக்குத் துணையா இரு" என்று அம்மா என்னை அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அக்காவுக்கு ஒரே மகள், ஏழு வயது. எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். சரியான வாயாடி. தெருவில் போகிறவரை நிறுத்தி வைத்து, உங்கள் மாடு கன்று போட்டுவிட்டதா என்று விசாரிக்கிற ரகம்.

அத்தானுக்கு மூன்றரை ஏக்கர் நிலம். அதைத் தன் பங்காளி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பாப்பாவுக்கு அவர் பெரியப்பா முறை, எனக்குப் பெரியத்தான். ஆற்றில் தண்ணீர் வந்தால் முறை வைத்து மடை திறப்பது, நடவுக்கு ஆள் சேர்ப்பது, உரம் வாங்குவது, அடங்கல் சீட்டு வாங்கக் கிராம அலுவலகத்தில் போய் நிற்பது எல்லாம் அவர்தான். அவர் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அக்காவின் வயல் காய்ந்துவிடும். அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வெளிநாட்டுப் பணம் வந்ததும் பாப்பாவை டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார்கள். பள்ளிக்கூட வேன் எங்கள் வாய்க்கால் பாலம் தாண்டி வராது. பெரியப்பாவே காலையில் மொபெட்டில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வந்தார். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று ஊர் மெச்சியது. நானும் மெச்சினேன். அவர் வந்தால் எழுந்து நின்று காபி கொடுப்பேன்.

சில மாதங்களில் பாப்பாவுக்குக் காலையில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. சீருடை போட்டதும் வலிக்கும். மொபெட் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். சனி, ஞாயிறு வலிக்காது. அதைத்தான் நாங்கள் பெரிய துப்பாகக் கண்டுபிடித்தோம். "பாத்தியா, லீவு நாள்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் நடிப்பு" என்றாள் அக்கா. ஓமத்தண்ணீர் கொடுத்து அனுப்பினோம். வலியில்லாத நாட்களில் என்ன இல்லை என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை. வீட்டில் இரண்டு பொம்பளைகள் இருந்தோம், நான்கு கண்கள்.

அப்போது கேசட்டில் பேசி அனுப்புகிற காலம். போன் பேச டவுனுக்குப் போக வேண்டும். மூன்று நிமிடத்தில் நலமா, நலம் என்பதற்குள் முடிந்துவிடும். கேசட் என்றால் ஒரு பக்கம் முழுக்கப் பேசலாம். கூத்தாநல்லூரில் ஒரு வீட்டில் யாராவது மஸ்கட்டுக்குத் திரும்பிப் போவார்கள். அவர்களிடம் கொடுத்தால் பத்து நாளில் அத்தான் கையில் இருக்கும். அவர்களும் நல்ல மனிதர்கள். அந்த வீட்டம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "புள்ளைய பேச வச்சிங்களாம்மா? புள்ளை சத்தம் கேட்டாத்தான் அவங்களுக்கு அங்க சோறு எறங்கும்."

டேப்ரெக்கார்டருக்கு நான்தான் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்காருவோம். முதலில் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். பிறகு நான் நாற்றங்கால், நடவு என்று வயல் சங்கதி சொல்வேன். கடைசியில் பாப்பா. அவளுக்கு என்ன பேச வேண்டும் என்று நாங்கள் எடுத்துக் கொடுப்போம். நல்லா இருக்கேன்ப்பா, நல்லா படிக்கிறேன்ப்பா, வரும்போது பொம்மை வாங்கிட்டு வாங்கப்பா.

அன்றைக்கு அவள், "சித்தி, நான் தனியா பேசறேன். நீங்க வெளில போங்க" என்றாள். பெரிய மனுஷி ரகசியம் பேசப் போகிறாளாக்கும் என்று சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்து மொச்சை உரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே கதவைத் திறந்து வந்தாள்.

"பேசிட்டேன். அப்பா எப்ப கேப்பாங்க?"

"பத்து நாள் ஆவும்."

"கேட்டுட்டு வந்துடுவாங்கல்ல?"

"பதில் பேசி அனுப்புவாங்க" என்றேன். விரலை விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு தெருவில் விளையாடப் போய்விட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் ஓடி விளையாடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று டேப்பைப் பின்னால் சுற்றிவிட்டுக் கேட்டேன். குரல் சின்னதாக இருந்தது. மைக்குக்கு மிகப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசியிருக்கிறாள்.

"அப்பா, நான் பெரியப்பா வண்டில போமாட்டேன்ப்பா. வழில பம்புசெட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. எனக்குப் புடிக்கலப்பா. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. நீ வாப்பா. வந்து பெரியப்பாவ வர வேணாம்னு சொல்லு."

அடுப்படியிலிருந்த அக்காவைக் கூப்பிட்டேன். அவளும் கேட்டாள். இன்னொரு தடவை போடு என்றாள். போட்டேன். அவள் முகம் செத்துப்போனது. புரியாமல் ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் புரிந்தது. ஆனால் புரிந்ததை வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும்.

"தண்ணி பாக்கத்தான் போயிருப்பாரு. தனியா நிக்கப் பயந்திருக்கும்" என்றாள் அக்கா.

"அக்கா, யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு…"

"இத அவர் கேட்டாருன்னா என்னாவும் தெரியுமா? அடுத்த பிளைட்டு ஏறி வந்து வெட்டிப்புட்டு ஜெயிலுக்குப் போவாரு. இல்ல, அங்கயே ஏதாவது பண்ணிக்குவாரு. அழிச்சிடு."

பாப்பாவுக்கு என்ன ஆகும் என்று நாங்கள் பேசவில்லை. அத்தானுக்கு என்ன ஆகும், வயலுக்கு என்ன ஆகும், ஊர் என்ன சொல்லும் என்று பேசினோம். கடைசியில் இனிமேல் கொஞ்சம் கவனமாக இருப்போம் என்று முடிவு செய்தோம். கவனமாக இருப்பது என்றால் என்ன என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

கேசட்டில் ஒன்றை அழிக்க வேண்டும் என்றால் அதன் மேலேயே பேச வேண்டும். சும்மா விட்டால் இவ்வளவு நேரம் ஏன் சத்தமே இல்லை என்று அத்தான் கேட்பார். அதனால் நான் பேசினேன். "அத்தான், இந்த வருஷம் நாத்து நல்லா வந்திருக்கு. பெரியத்தான்தான் கூடவே இருந்து பாத்துக்கறாங்க. நீங்க கவலப்படாதிங்க." இதுதான் நான் சொன்னது, ஒரு சொல் மாறவில்லை. என் குரல் தெளிவாக இருந்தது. நடுக்கம்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிக் கூத்தாநல்லூரில் கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். புள்ளைய பேச வச்சிங்களா என்று அந்த அம்மா கேட்டார். வச்சேன் என்றேன்.

பாப்பா நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். சொன்ன பத்து நாள் போய், ஒரு மாதமும் போன பிறகுதான் பதில் கேசட் வந்தது. ஓடி வந்து டேப்ரெக்கார்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அத்தான் அக்காவிடம் பேசினார், என்னிடம் பேசினார். கடைசியில் சொன்னார்: "பாப்பா, ஏன் அப்பாகிட்ட ஒண்ணும் பேசல? அப்பா மேல கோவமா? சமர்த்தா இருக்கணும். பெரியப்பா நமக்காக எவ்வளவு கஷ்டப்படறாங்க, அவங்க சொல்றதக் கேட்டு நடந்துக்கணும், என்ன?"

ஒண்ணும் பேசல என்று அவர் சொன்னது அந்தப் பிள்ளையின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பெரியப்பா சொல்றதக் கேட்டு நடந்துக்கணும் என்றது மட்டும் விழுந்துவிட்டது. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அப்போது நான் போய் அவளை எழுப்பி உட்கார வைத்து, அப்பாவுக்கு உன் பேச்சு போகவே இல்லடி, நான்தான் அழிச்சேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. பாயைத் தட்டிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு பாப்பாவுக்கு வயிற்றுவலி வரவில்லை. மொபெட் சத்தம் கேட்டதும் தானாகவே பையை மாட்டிக்கொண்டு போனாள். பார்த்தாயா, சரியாகிவிட்டது என்றாள் அக்கா. வாயாடிப் பிள்ளை கேட்டால் மட்டும் பதில் சொல்கிற பிள்ளையாகிவிட்டது. நல்ல அடக்கம் என்றார்கள். எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உண்மையைச் சொல்வதானால் தப்பித்து ஓடினேன்.

அந்த மொபெட் எப்போது நின்றது தெரியுமா? பாப்பா பதினோரு வயதில் பெரியவளானபோது. வயசுக்கு வந்த பெண்ணை ஆம்பளையோடு வண்டியில் அனுப்பக் கூடாது என்று ஊர்ப் பெண்கள் சொன்னார்கள், அக்கா நிறுத்திவிட்டாள். ஒரு குழந்தை கேட்டபோது முடியாதது, சடங்கு கேட்டபோது ஒரே நாளில் முடிந்தது. அந்தச் சடங்குக்குப் பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்குச் சந்தனம் கொடுத்தது நான். வேலியே பயிரை மேய்ந்தது போல என்று எங்கள் ஊரில் எதற்கெல்லாமோ சொல்வார்கள். கூட்டுறவுச் சங்கத்து உரத்தை எவனாவது அமுக்கினால்கூடச் சொல்வார்கள். வேலி வீட்டுக்குள் மேயும்போது மட்டும் அந்தப் பழமொழி யார் வாயிலும் வராது. பல வருடம் கழித்து அவர் செத்தபோது ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். நான் போகவில்லை. அதுதான் என் வீரம்.

அத்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்தார். முதல் தடவை சாவி கொடுத்தால் நடக்கிற பொம்மை வாங்கி வந்து, வாசலில் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். பாப்பா அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "அப்பனையே மறந்துட்டா பாரு" என்று எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. "நான் விட்டுட்டுப் போனதுல அவளுக்குக் கோவம். எல்லாம் அவளுக்காகத்தான் போனேன்" என்று என்னிடம் சொன்னார். சரியாகிவிடும் அத்தான் என்றேன். சரியாகவில்லை. அவள் நன்றாகப் படித்தாள், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட அத்தான் போன் செய்தால், "அம்மாகிட்ட பேசிக்கறேன்" என்று வைத்துவிடுவாள்.

நான் ஆசிரியை ஆகி, தலைமை ஆசிரியையும் ஆனேன். எனக்கு ஐம்பது வயதாகும்போது எங்கள் பள்ளியில் குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் என்று ஒன்று நடத்தினார்கள். டிஜிட்டல் பேனர், மைக்செட், விருந்தினருக்குச் சால்வை, பிள்ளைகளுக்கு பிஸ்கட். பெற்றோரில் நான்கு பேர் வந்தார்கள், மற்றவர்களுக்கு நடவு. டவுனிலிருந்து வந்த பெண் படம் காட்டி நன்றாகத்தான் பேசினாள். "யாராவது உங்களுக்குப் பிடிக்காத மாதிரித் தொட்டால் நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லுங்கள். அப்பா, அம்மா, சித்தி, டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே மேடையில் இருந்த என்னைக் கை காட்டினாள். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். சித்தி, டீச்சர். இரண்டும் நான்தானே.

கூட்டம் முடிந்து பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

"டீச்சர், சொன்னா நீங்க என்ன பண்ணுவிங்க?"

ஏதாவது நடந்ததா என்று பதறிப்போய்க் கேட்டேன். இல்லை, சும்மாதான் கேட்டாளாம். அந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லையே என்று கேட்டிருக்கிறாள். எட்டு வயதில் அவளுக்குத் தெரிந்தது, சால்வை போர்த்திக்கொண்ட எங்களுக்குத் தெரியவில்லை. சொல்லு, சொல்லு என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். பிள்ளைகள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள், தாழ் போட்டுக்கொண்டு சொல்கிறார்கள். விழிப்புணர்வு வர வேண்டியது அவர்களுக்கா?

அடுத்த வாரம் அறுவடையோ நடவோ இல்லாத நாளாகப் பார்த்துத் தாய்மார்களை வரச் சொன்னேன். பிள்ளை ஒருத்தரோடு போக மாட்டேன் என்றால் அடிக்காமல் ஏன் என்று கேளுங்கள், கேட்டதை நம்புங்கள், அந்த ஆள் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அன்றைக்கே நிறுத்துங்கள், பிறகு போலீசோ அதிகாரியோ யாரிடம் போக வேண்டுமோ நான் கூட வருகிறேன் என்றேன். ஒரு தாய் எழுந்து, "எங்க சொந்தத்துல அப்படியெல்லாம் யாரும் கெடயாது டீச்சர்" என்றாள். எங்க சொந்தத்துலயும் கெடயாதுன்னுதான் நானும் சொன்னேன் என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஊராருக்கு இவ்வளவு சொன்னவள் சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானைப் பார்க்கப் போனேன். ஒரு பக்கம் கை கால் விழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாக்கு குழறினாலும் பேச்சு இருந்தது. அக்கா காபி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பழசக் கெளறாத. அவரு ஒடம்பு தாங்காது" என்று அடுப்படியில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடியும் அதே பக்குவம். கடல் தாண்டி வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கும் கெட்ட செய்தி கூடாது. நானும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில் அத்தான், "பாப்பாகிட்ட பேசுனா, நான் கேட்டேன்னு சொல்லு" என்றார். சரி என்றேன். தை மாதம் அவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, கொல்லையில் கிணற்றடியில் பாப்பா பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கிய பெண். அழவே இல்லை, கல்நெஞ்சுக்காரி என்று பந்தியில் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்திருந்தது. இனியும் பொறுத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நீ தனியா பேசின டேப்பு உங்க அப்பாவுக்குப் போகல. அழிச்சிட்டேன். அது மேல நான் பேசி அனுப்புனேன். அவருக்குக் கடைசிவரைக்கும் ஒண்ணும் தெரியாது.

கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். "அப்பா கேக்கவே இல்லையா?" என்றாள்.

"இல்லம்மா."

"கேட்டுட்டுத்தான் அந்தாளு சொல்றதக் கேளுன்னு பேசி அனுப்புனாருன்னு…" என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில கடைசி நாளு, என் கையப் புடிச்சாரு சித்தி" என்றாள். "நான் உதறிட்டு வந்துட்டேன்."